ஆறு சைபர்

ஹார்ன்பரி ஊரை ஒட்டிய பாதுகாக்கப்பட்ட நிலத்தில், கடைகளோடு எண்ணூறு வீடுகள் கட்டத் திட்டம். அதற்குமுன் அங்குள்ள குளத்தில் ஆறு முறை இறங்கி, அரிய நீர்ப்பல்லிகளை எண்ணவேண்டும்; அவை இருந்தால் கட்ட அனுமதி இல்லை. அந்த வேலைக்குப் போன லோர்னா, குளிருக்குப் பயந்து ஆறு முறையும் காரிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு, படிவத்தில் சைபர் போட்டாள். அனுமதி கிடைத்தது. குளத்தை மண்ணடித்து மூடினார்கள்.

மறுநாள் காலை, அவள் ஒருமுறைகூடப் போடாத ரப்பர் பூட்ஸ் வாசலில் நனைந்து கிடந்தது. உள்ளே பாசி.

"குளத்தத்தான் மூடியாச்சே, இன்னும் அங்க போய் என்னடி எண்ணுற?" என்று சிரித்தான் கணவன் கிளைவ்.

பதில் சொன்னால் அந்த ஆறு சைபரையும் சொல்லவேண்டும். அவள் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

ஐந்து நாள் இப்படியே நனைந்தது. ஐந்தாம் நாள் பூட்ஸைக் குப்பையில் போட்டாள்.

ஆறாம் நாள் காலை கிளைவ் தேநீரோடு வந்தான். "வாசல் இன்னிக்குக் காஞ்சு கிடக்கு, அதிசயந்தான்!"

லோர்னா போர்வையை இழுத்து, சேறு சொட்டும் பாதங்களை மூடிக்கொண்டாள்.