யார் வீட்டுக் குழாய்?

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க வீட்டு லைனை வெட்டிடுவேன். அப்புறம் குடத்தைத் தூக்கிக்கிட்டு தெருத் தெருவா அலைங்க!"

குடியிருப்புச் செயலாளர் இப்படிக் கத்தியபோது, ஆறு வீட்டுக்காரர்களும் மொட்டை மாடியில்தான் நின்றிருந்தார்கள். மற்றவர்கள், தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக இறங்கும் ஆறு குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரம்மா மட்டும் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தாராளமா வெட்டுங்க. அதுக்கு முன்னாடி, என் குழாயிலதான் தண்ணி போகுதுன்னு காட்டிட்டு வெட்டுங்க."

ஒரு மாதமாகவே இந்தத் தொல்லை. காலையில் நிரம்பி வழிந்த தொட்டி மாலைக்குள் காலி. செயலாளர் வேலை முடிந்து வந்ததும் நேராக மூன்றாவது மாடிக்கு ஏறுவார். பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் தையல்காரம்மா ஒருத்திதான். போதாக்குறைக்கு வாடகைக்கு இருப்பவள், கேட்க நாதியில்லாதவள். பழி போட இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?

நான்கு முறை அவள் குளியலறை வரை போய்க் குழாய் குழாயாகத் திருகிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "திறந்து விட்டுட்டு மெஷின்ல உக்காந்துடறது!" என்று ஏசிவிட்டுப் போனார். ஐந்தாவது முறை வந்தபோது அவள் கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய கையோடு, நீர்க்கசிவு கண்டுபிடிக்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

அந்தப் பெண் இப்போது பெட்டியைத் திறந்து, உள்ளங்கையளவில் இரண்டு கருவிகளை எடுத்தாள்.

"குழாயை உடைக்கணுமா தங்கச்சி?"

"வேணாம்க்கா. வெளியிலயே மாட்டிடலாம். காதுக்குக் கேக்காத ஒரு சத்தத்தை இது தண்ணிக்குள்ள அனுப்பும். ஓட்டத்தோட போற சத்தம் சீக்கிரம் போயிடும், எதிர்த்து வர்ற சத்தம் கொஞ்சம் தாமதமா வரும். அந்த வித்தியாசத்தை வெச்சு எவ்வளவு ஓடுதுன்னு சொல்லிடலாம். எல்லாரும் வீட்டுல குழாயை மூடிட்டுத்தானே வந்தீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"முதல்ல என் குழாய்ல மாட்டு" என்றாள் தையல்காரம்மா.

பூஜ்யம்.

"சரியாப் பாரும்மா" என்றார் செயலாளர்.

மறுபடியும் பூஜ்யம். அடுத்த நான்கு வீட்டுக் குழாய்களிலும் அதே பூஜ்யம். பெண் கடைசிக் குழாய்ப் பக்கம் திரும்பியதும் செயலாளர் குறுக்கே வந்தார்.

"அது என் குழாய். அதை எதுக்குப் பாக்கணும்? என் பொண்டாட்டி, மகளோட பிரசவத்துக்குன்னு ஊருக்குப் போயி ஒரு மாசமாச்சு. நான் வீட்டைப் பூட்டிட்டு இங்க நிக்கறேன். தண்ணியை யார் திறப்பா, பேயா?"

"என் குழாய்னா நாலு தடவை பாப்பீங்க, உங்க குழாய்னா கிட்டயே வரக்கூடாதோ? நீ மாட்டு தங்கச்சி!"

மாட்டினாள். எண் தாவிக் குதித்தது.

"நிமிஷத்துக்குப் பன்னிரண்டு லிட்டர்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளருக்கு முகம் வெளிறிவிட்டது.

"கருவி கோளாறு."

"அஞ்சு குழாய்ல ஒழுங்கா வேலை செஞ்சது, உங்க குழாய்க்கு வந்ததும் கெட்டுப் போச்சா?"

"இது கசிவே இல்லக்கா" என்றாள் பெண். "முழுசாத் திறந்து விட்ட குழாய்."

"மறந்துட்டு வந்திருப்பேன். நான் போய் மூடிக்கறேன். நீங்கள்லாம் அவங்கவங்க வேலையைப் பாருங்க!" செயலாளர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

"நில்லுங்க, நாங்களும் வர்றோம். தங்கச்சி, நீ இங்கயே நம்பரைப் பாத்துக்கிட்டிரு. போனைக் கட் பண்ணாதே."

கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் செயலாளர் வீடு மட்டும்தான். ஒட்டினாற்போல் கல் அறுக்கும் பட்டறை. மற்ற நாளில் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. அன்று பட்டறைக்கு விடுமுறை.

செயலாளர் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"என் வீட்டுக்குள்ள யாரும் வரக்கூடாது."

"என் வீட்டுக்குள்ள வந்தப்ப என்கிட்ட கேட்டீங்களா?" தையல்காரம்மா வாசற்படி வரை வந்தாள். "தண்ணித் திருடின்னு இத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இப்ப இத்தனை பேர் முன்னாடி கதவைத் திறந்து, உங்க குழாயை உங்க கையால மூடுங்க. எனக்கு அது போதும்."

"முடியாது. என்ன செய்வே?"

"திறக்கற வரைக்கும் நகர மாட்டேன்."

வாசற்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, இதுவரை வாயே திறக்காத முதல் மாடிக்காரர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து அவர் மனைவி. செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது போனில் அந்தப் பெண்ணின் குரல்.

"அக்கா, அவர் உள்ள போய் மூடிட்டாரா? இங்க பூஜ்யத்துக்கு வந்துடுச்சு!"

தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி செயலாளரின் கையில் இருந்தது.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "போயிடாதீங்கம்மா... ஒரு மாசமா இவர் என்னைப் பூட்டிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து விடறேன், தண்ணி எங்க போகுதுன்னு தேடியாவது யாராச்சும் வருவீங்கன்னு!"