ஒரு வருடமாகப் பயன்படாதது

பக்கவாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் தலைக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். அதில் இடம் ரொம்பக் குறைவு. உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேக்கேஜ்; புதிதாக ஒன்றை ஏற்றினால் பழையது ஒன்றை எடுத்தாக வேண்டும்.

இன்று காலை 'நடை' பேக்கேஜை ஏற்றினேன். "ஒரு வருடமாகப் பயன்படாத பேக்கேஜை நீக்கவா?" என்று போன் கேட்டது. சரி என்று தட்டினேன். பெயரை யார் படிக்கிறார்கள்?

அவர் எழுந்து நடந்தார். நான் அழுதுவிட்டேன்.

"நீ உட்காரு தெரசா, தோசை நான் சுடறேன்" என்று சமையலறைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது.

"ஏங்க, தோசை தீயுது!"

"எனக்கும் வாடை வருது. இன்னும் மாவே ஊத்தலையே" என்றார், தோசைக்கல்லில் கையை ஊன்றி நின்றபடி.

ஒரு வருடமாக அவருக்குச் சின்ன வலிகூட வராமல் பார்த்துக்கொண்டது நான்தான்.