அதே எஞ்சின்

பழைய கார் போட்டிக்கு மதிப்பெண் போட வந்தவர் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்கு நடுவில் அந்த அமெரிக்கக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. வந்தவர் வெள்ளைக் கையுறை மாட்டி, குச்சியில் கட்டிய குட்டிக் கண்ணாடியைப் பல் டாக்டர் மாதிரி எஞ்சினுக்குள் விட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் பெயிண்ட் ஒழுகியிருந்தது. அதைப் பார்த்துத் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

இவர் பூரித்துப்போனார். பின்னே?

அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் எவனோ ஒருத்தன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பெயிண்டைத் தாறுமாறாக அடித்து ஒழுகவிட்டான். அதே ஒழுகல் அதே இடத்தில் வர வேண்டுமென்று இந்த மேதாவி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஒழுகவிட்டார். ஒழுங்காக அடித்தால் மதிப்பெண் போய்விடுமாம். அவன் சாக்பீஸில் கிறுக்கியதைக்கூட போட்டோவைப் பார்த்துக் கிறுக்கி வைத்திருந்தார்.

பெற்ற அப்பாவுக்குப் பல் தேய்த்துவிட நேரமில்லை. டூத்பிரஷ் எடுத்து போல்ட் தேய்க்க மட்டும் நேரமிருக்கிறது. நல்லா இருக்கு கூத்து!

அந்த அப்பா, என் மாமா, ஷெட்டை ஒட்டிய அறையில்தான் படுத்திருந்தார். நடுவில் ஒரே ஒரு ஜன்னல்.

இந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் மாமா குடும்பத்தையே தூக்கி நிறுத்தினாராம். நான் மருமகளாக வந்தபோது அது தார்ப்பாய்க்குள் போயாகிவிட்டது. அது ஓடி நான் பார்த்ததில்லை.

டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்கப்புறம் மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒருதரம் நம்ம வண்டியக் கெளப்பச் சொல்லும்மா. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டேன்னா போதும்."

இதைப் போய்ச் சொன்னதும் இவர் பதறினாரே ஒரு பதறல்! கிளப்பினால் சைலன்சருக்குப் போகிற குழாய் மேல் அடித்த பெயிண்ட் கருகிவிடுமாம். போட்டி மைதானத்துக்கு லாரியில் ஏற்றிப் போய், அங்கேதான் கிளப்ப வேண்டுமாம். பேட்டரி தயார், பெட்ரோல் தயார். அப்பா காதுக்கு மட்டும் அனுமதி இல்லை.

இப்படியும் ஒரு பிள்ளையா?

அந்த மாதிரி எஞ்சின் இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சமாம். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதே ஜம்பம்தான். போன வருஷம் எங்கள் கார் எஞ்சினைப் பட்டறைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். திரும்பி வரும்போது மரப்பெட்டிக்குள், வைக்கோல் மேல், பஞ்சு சுற்றி வந்தது. மாமாவுக்கு முதுகு புண்ணாகிறது, நல்ல மெத்தையாக ஒன்று வாங்குங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த சமயம் அது.

அதே வாரம் ஷெட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று, ஒரு கோணி மூடியிருந்த பெரிய இரும்புச் சாமானைச் சங்கிலி போட்டுத் தூக்கிக் காயலான் கடை வண்டியில் ஏற்றினார். பூராவும் எண்ணெய்ப் பிசுக்கு. விட்டது சனியன் என்று நானே கேட்டை அகலமாகத் திறந்துவிட்டேன்.

வந்தவர் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, எஞ்சினை எப்போதாவது மாற்றியதுண்டா என்று கேட்டார்.

"தொட்டதே இல்ல சார். அப்பா வாங்கின அன்னிக்கு இருந்த அதே எஞ்சின்."

அப்பாவாம்! அந்த வார்த்தையை அந்த வாயால் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இவர் பாய்ந்து வருவதற்குள் திருகிவிட்டேன்.

ஷெட்டே கிடுகிடுக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. ஆழத்திலிருந்து மெத்தென்று ஓர் உறுமல், அவ்வளவுதான். வந்தவர் கண்ணை மூடிச் சொக்கிப்போய் நின்றார். பெயிண்ட் கருகுகிற வாடை வந்தது.

இவர் குழாயைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடக்கட்டும் என்று அப்படியே ஓடவிட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். "கேட்டுச்சா மாமா?"

மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். "யாரும்மா வந்திருக்காங்க? பெரிய எடத்து வண்டி போல. என்ன பதவிசா நிக்குது!"

"நம்ம வண்டிதான் மாமா."

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் மேல் ஒரு சின்ன ஏளனம்கூட இருந்தது.

"போம்மா. நம்மளது லாரி எஞ்சின். பெட்ரோலுக்குக் கட்டுப்படி ஆகலன்னு வாங்கின மறுவருஷமே நானே டீசல மாட்டிட்டேன். கெளப்பினா இந்த ஜன்னல் கண்ணாடியே ஆடும்ல!"

வெளியே உறுமல் நின்றது. யாரோ பானெட்டை மெதுவாக மூடினார்கள். கோணி மூடியிருந்த அந்த இரும்புச் சாமானுக்கு நானே கேட்டைத் திறந்துவிட்டது ஞாபகம் வந்தது.

மாமா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வந்தவங்க போகட்டும். அப்புறமா நம்மளத ஒருதரம் கெளப்பச் சொல்லு. அதுவரைக்கும் நான் முழிச்சிட்டிருக்கேன்."