சுவரில் மாட்டிய மன்னிப்பு

முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், லேமினேஷன் போட்டு, பொட்டு வைத்து, அந்த மன்னிப்புக் கடிதம் மாட்டியிருந்தது. அதன் அடியில் தாண்டவராயன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

‘தாண்டவராயனாகிய நான், என் மனைவி அஞ்சம்மாளைக் கேட்காமல் அவள் கறவை மாட்டை விற்றது தவறு. மன்னித்து என்னுடன் வாழ வரவேண்டும்.’ கீழே, கலெக்டர் போட்டது போல ஒரு கையெழுத்து, அதற்கு அடியில் சாய்வாக ஒரு கோடு.

“அவ வந்த அன்னிக்கே மாட்டிட்டா சார். அவளுக்கு அதுன்னா உசுரு. நான் வாயத் தொறக்கறதில்ல,” என்றார்.

புகழேந்திக்கு வியர்த்தது. அந்தக் கடிதத்தை எழுதியவனும் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். தாண்டவராயனை அவன் நேரில் பார்ப்பதே இன்றைக்குத்தான்.

அவன் திண்டிவனம் குடும்ப ஆலோசனை மையத்தில் ஆலோசகர். இந்த ஒரு வருஷத்தில் அங்கே மாறாதது சீலிங் ஃபேன் போடும் சத்தம் மட்டும். போர்டில் மையத்தின் பெயர் இரண்டு வரி நீண்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டி உட்கார்ந்த பெஞ்சு போய், சண்டைக்கு வசதியாகத் தனித்தனி நாற்காலிகள் வந்தன. விழுப்புரம் தலைமை அலுவலகத்துக்கு வந்த ஆரோக்கியசெல்வி மேடம், மார்ச்சுக்குள் ஒரு கேஸும் நிலுவையில் இருக்கக் கூடாது என்றார்.

அஞ்சம்மாள் கேஸ் நிலுவையில் இருந்தது. புருஷன் ஊரான கெடாரிலிருந்து கோபித்துக்கொண்டு பிரம்மதேசம் கிராமத்துக்கு, அண்ணன் அப்பாதுரை வீட்டுக்கு வந்து எட்டு மாசம். ‘மச்சான் எழுத்துல மன்னிப்பு கேட்டாத்தான் அனுப்புவேன்’ என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். மச்சானோ, மூன்று முறை கூப்பிட்டும் மையத்துப் பக்கம் தலைகாட்டவில்லை.

மார்ச் முப்பதாம் தேதி மதியம் புகழேந்தி கதவைச் சாத்திக்கொண்டு பேனாவை எடுத்தான். ஃபைல் மூடியது. மூடிய ஃபைலின் நகல் இனிமேல் மனுதாரருக்குத் தபாலில் போகும் என்ற மாற்றம் மட்டும் அவனுக்குத் தாமதமாகத் தெரிந்தது. அதற்குள் கடிதம் அஞ்சம்மாள் கைக்குப் போயிருந்தது.

இப்போது ஆறு மாசம் கழித்து, வீட்டுக்கே போய்ப் பார்த்து வர வேண்டும் என்பது புது உத்தரவு.

“சாப்புடுங்க சார். எனக்கு ஒத்தாசை பண்ண ஒரே ஆளு நீங்கதான்,” என்று அஞ்சம்மாள் நாட்டுக்கோழியை அள்ளி வைத்தாள்.

குற்ற உணர்ச்சி பசியைக் கெடுக்கும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கெடுக்கவில்லை. இரண்டாவது முறை குழம்பு வாங்கியபோது அதுவும் ஒரு குற்றமாகச் சேர்ந்துகொண்டது.

தான் எழுதாத கடிதத்தின் கீழே ஆறு மாசமாக உட்கார்ந்திருக்கிறார் இந்த மனுஷன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்டாட்டி போய்விடக் கூடாதே என்று கேட்காத மன்னிப்பைச் சுமக்கிறார் போலும். எவ்வளவு பெரிய மனசு.

கை கழுவியதும் புகழேந்தி ஆபீஸ் டேப்லெட்டை நீட்டினான். “ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கீங்கன்னு இதுல கையெழுத்துப் போடணும்ண்ணே.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நிஜக் கையெழுத்து விழுந்தால், சுவரில் இருப்பது பொய் என்று அஞ்சம்மாளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். தாண்டவராயன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலைக் கண்ணாடிமேல் அழுத்தினார்.

ரேஷன் கடைப் பழக்கம். மெஷினைக் கண்டாலே ஊரே விரலைத்தான் வைக்கிறது. புகழேந்திக்கு மூச்சு வந்தது.

“அடுத்த மாசம் விழுப்புரத்துல ஆண்டு விழா. ரெண்டு பேருக்கும் சால்வை. அந்தக் கடிதத்த மேடமே மேடையில படிக்கப் போறாங்க.”

“ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியா சார்?”

“கேடயம்,” என்றான் தரையைப் பார்த்து.

“குடுக்கட்டும் சார். இந்தக் காலத்துல யாரு இப்டி உண்மையா வேலை செய்றா,” என்றார் தாண்டவராயன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அஞ்சம்மாள் கூடவே வந்தாள், பை நிறைய மல்லாட்டைக் கடலையோடு. அதை அவன் கையில் கொடுத்தபோது புகழேந்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சொன்னால் இவள் மறுபடி பிரம்மதேசத்துக்கு பஸ் ஏறலாம். சொல்லாவிட்டால் அந்த நல்ல மனுஷன் ஆயிரம் பேர் முன்னால் தலைகுனிவார்.

“அக்கா, அந்தக் கடிதம் உங்க வீட்டுக்காரரு எழுதினது இல்ல. கையெழுத்தும் அவரு போடல. ரெண்டும் நான்தான்.”

அஞ்சம்மாள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். “தெரியும்.”

“அவரே சொல்லிட்டாரா?”

“அவரு என்னாத்த சொல்வாரு. எங்க அண்ணங்காரனாண்ட காட்ட ஒரு காயிதம் வேண்டியிருந்துச்சி. எட்டு மாசமா வூட்டு நெனப்பாவே கெடந்தேன். நீங்க அனுப்பினீங்க, காட்டிட்டு வந்துட்டேன்.”

புகழேந்தி பையை இறுக்கிப் பிடித்தான். “அப்ப மேடையில படிக்க வேணாம்னு சொல்லிடட்டுமாக்கா?”

“நல்லாப் படிக்கட்டும். கேக்காத மன்னிப்ப ஒருதபா அவரும் காதால கேக்கட்டும்.”

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான்.

“ஆறு மாசமா செவுத்துல தொங்குதேக்கா. உங்க வீட்டுக்காரரு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“அவரு கைநாட்டு சார்.”