மூன்று வாரமும் ஒரு மாடிப்படியும்

"மூணு வாரமாச்சு! ஒரே ஒரு மாடிப்படி வரைபடம், அதைக்கூட முடிக்கல. பயிற்சிக்கு வந்தாளா, பொழுதுபோக்க வந்தாளா? இன்னிக்கே சான்றிதழை எழுதிக் குடுத்து அனுப்பிடுங்க" என்று கட்டட நிறுவனத்தின் முதலாளி கத்தியது அலுவலகம் முழுக்கக் கேட்டது.

மேற்பார்வையாளருக்கும் அந்தப் பெண்மேல் எரிச்சல்தான். காலையில் முதல் ஆளாக வருகிறாள். தலை நிமிராமல் கணினியில் எதையோ வரைகிறாள். கேட்டால் மட்டும் "இன்னும் முடியலக்கா" என்கிறாள். விறுவிறுவென்று அவள் மேசைக்குப் போனார்.

"உன்னால எனக்கும் திட்டு விழுது. நாள் முழுக்க அப்படி என்னதான் பண்ற?"

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெளிய சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்கார்க்கா."

"எந்த சார்?"

அவள் திரையைத் திருப்பினாள். ஒரு நூலகக் கட்டடம். நாற்பது வரைபடங்கள், ஒரு கோடுகூடப் பிசகவில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் முதலாளி மகனின் பெயர் இருந்தது.

"அவரோட பையனுக்குக் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கா. நேத்துதான் முடிச்சுக் குடுத்தேன்."

நேற்று வேலை முடிந்தது, இன்றைக்கு ஆளைக் கழற்றிவிடுகிறார்! மேற்பார்வையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பதையும் அச்செடுத்து, எழுதிய சான்றிதழோடு கொண்டுபோய் முதலாளியின் மேசையில் பொத்தென்று போட்டார்.

"தாராளமா அனுப்பிடலாம் சார். ஆனா சான்றிதழ்ல, அவ இங்க செஞ்ச வேலைன்னு இதைத்தான் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

முதலாளி எழுந்து போய், முதலில் கதவைச் சாத்தினார்.