பெயர் போடாத சீட்டு

“இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை.”

பெட்டியிலிருந்து எடுத்த சீட்டைப் பயிற்சியாளர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். நிர்வாக இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அது அவள் எழுதிய வாக்கியம்.

அந்தப் பம்ப் மோட்டார் கம்பெனிக்கு அவள் தலைமை ஏற்று மூன்று மாதம்தான் ஆகிறது. அவளும் துறைத் தலைவர்களும் மனதை அரிக்கும் பயத்தைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்பது இன்றைய பயிற்சி. ஏதோ அசட்டுத் துணிச்சலில் உண்மையை எழுதிவிட்டாள். எழுதியதும் உதறல் எடுத்தது. இன்னொரு தாளில் ‘நேரம் போதவில்லை’ என்று எழுதி, ஒன்றைப் பெட்டியில் போட்டாள், மற்றதைக் கைப்பையில் திணித்தாள்.

அவசரத்தில் மாற்றிப் போட்டுத் தொலைத்திருக்கிறாள். வேறென்ன!

எழுந்து ஓடவும் வழியில்லை. முடிகிறவரை ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்தச் சொன்னதே அவள்தான். கைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் விற்பனைத் தலைவர். இருபது வருடமாகப் பழம் தின்று கொட்டை போட்டவர், கம்பெனியில் அவருக்குப் ‘புலி’ என்றே பேர். அவருக்கு வரவேண்டிய பதவியை இவள் தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பேசாத வாய் இல்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த மனிதர், நிமிர்ந்ததும் அவளையே வெறித்துப் பார்த்தார்.

போச்சு, கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமைதான் இயக்குநர் குழு கூடி அவள் பதவியை நிரந்தரமாக்கப் போகிறது. அதற்குள் இவர் ஒரு வார்த்தை போட்டுக்கொடுத்தால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எழுதியவர் விருப்பப்பட்டால் பேசலாம், கட்டாயமில்லை என்றார் பயிற்சியாளர். புலி தொண்டையைக் கனைத்தார். அவர் வாயால் மானம் போவதைவிடத் தானே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று அவள் எழுந்துவிட்டாள்.

“அதை எழுதினது நான்தான். தினமும் காலையில கார்ல இருந்து இறங்கும்போது, இன்னைக்கு மாட்டிக்குவேன்னு நினைச்சுக்கிட்டேதான் இறங்குறேன்.”

புலி அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தார். மாடிவரை கேட்கும் அந்த வெண்கலக் குரல் எங்கே போயிற்றோ, காற்றுதான் வந்தது.

“மேடம், அது என் சீட்டு. உங்களோடது உங்க நாற்காலிக்கு அடியில கிடக்கு.”