முகத்துக்கு முன்னால் வரும் குரல்

"அவ முகம் தெரியறதுக்கு முன்னாடியே குரல் வந்துடணும் ஜெசி. அதைக் கேட்டு அவன் திரும்பட்டும், அப்புறம் அவளைக் காட்டு" என்றான் அருள்தாஸ். அவன் இயக்கிய படத்துக்கு மனைவி ஜெசிந்தாதான் எடிட்டர். கதாநாயகி தாரிணி பேசும் துண்டில் ஜெசிந்தா படத்தை விட்டுவிட்டு, ஒலியை மட்டும் பிடித்து முன்னால் இழுத்தாள். கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டாள். தாரிணியின் சட்டையில் குத்தியிருந்த மைக், அவள் வசனம் பேசுவதற்கு முன்பு கேட்டதையும் பிடித்து வைத்திருந்தது.

"பயப்படாத கண்ணு. நான் இங்கதானே இருக்கேன்."

அருள்தாஸின் குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "புதுப் பொண்ணு, நடுங்கிட்டு நின்னா. ஷூட்டிங்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவேன்."

"லைட்மேன் அண்ணன்கிட்டயுமா?"

"ஏய், முதல்ல அதைத் தூக்கு."

கண்ணு என்ற சொல்லைக்கூட ஜெசிந்தா பொறுத்துக்கொண்டிருப்பாள். அவசரமே இல்லாத அந்தக் குரலை என்ன செய்வது? ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன அன்றுகூட அவனிடமிருந்து அது வந்ததில்லை.

ஜெசிந்தா அதைத் தூக்கவில்லை. படத்தை மட்டும் அணைத்தாள். திரை கறுத்தது. இப்போது அவன் அதை யாரிடம் வேண்டுமானாலும், அவளிடம்கூடச் சொல்லியிருக்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்களை மூடி மறுபடி ஓடவிட்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்து அருள்தாஸ் "முடிஞ்சுதா?" என்று கேட்டது, தொலைவில் யாரோ பேசுவதுபோல் இருந்தது.